பெட்டியைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள்

ஆம்பூரில் யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் ஸ்பீக்கரைத்தான் தேடும். பெரும்பாலும் அது ஷோகேஸில் இருக்கும். டி.வி.க்குப் பக்கத்துத் தட்டில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கப்புகளுக்கும் எவர்சில்வர் டம்ளர்களுக்கும் நடுவில், முகம் பாதி மறைந்து கிடக்கும். ஐந்து ஸ்பீக்கர் வைத்த ஹோம் தியேட்டர் வாங்கியவர்கள் ஐந்தையும் ஒரே தட்டில் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். சப்வூஃபர் மூலையிலோ பீரோ மேலோ ஏறியிருக்கும். "அவ்ளோ காசு போட்டு வாங்கினோம்க்கா, சத்தம் வருது, பேச்சு புரியல" என்று அந்த வீட்டுப் பெண்கள் சொல்லும்போது எனக்கு மனசு கேட்காது. அந்தப் பெட்டியில் பெரிய கோளாறு எதுவும் இருக்காது. வைத்த இடம்தான் அதைப் பேசவிடாமல் செய்கிறது.

நான் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்து, இப்போது அதே பிரிவில் செக்கிங் பார்க்கிறவள். ஒலியைப் பற்றி எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. பாட்டு என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர். துண்டுச்சீட்டில் பாட்டுகளை வரிசையாக எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, கேசட் பதிந்து வாங்கிய தலைமுறை. கையில் எப்போதும் அளவான காசுதான் இருந்தது. அதனால் புதிது வாங்குவதைவிட, இருப்பதை இங்கே வைத்து, அங்கே வைத்துக் கேட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் எனக்கு ஓர் உறுதி வந்திருக்கிறது: சீட்டுப் பணம் எடுத்து அடுத்த பெரிய செட்டுக்குப் போவதற்கு முன்னால், வீட்டில் இருக்கிற பெட்டியை இரண்டடி நகர்த்திப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவழித்தும் வராத தெளிவு அந்த இரண்டடியில் வரும்.

இதை எங்கள் பக்கத்து மக்களிடம் சொல்ல எனக்குத் தனிக் காரணம் உண்டு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாமே தோலை நம்பிப் பிழைக்கும் ஊர்கள். டேனரியில் டிரம் உருண்டுகொண்டே இருக்கும், ஷேவிங் மெஷின் அலறும். ஷூ கம்பெனியில் கிளிக்கிங் பிரஸ் இறங்கும்போதெல்லாம் தரை அதிரும். தையல் ஹாலில் வரிசை வரிசையாக மெஷின்கள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பவளிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அங்கே சத்தம் ஏறக்குறைய 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. அவ்வளவு நேரம் அதில் கிடந்த காது சாயங்காலம் மந்தமாகிவிடும். உள்காதில் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர்ச்செல்கள் களைத்துப்போவதால் வருவது இது. அமைதி கிடைத்தால் சில மணி நேரத்தில், அல்லது மறுநாள் காலைக்குள் தெளியும். ஓய்வே கொடுக்காமல் வருஷக்கணக்கில் போனால் அந்தச் செல்கள் செத்துவிடும், திரும்ப முளைக்காது. முதலில் போவது மெல்லிய கீச்சு ஒலிகள். ச, ப, த போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அந்த ஒலிகள்தான். அதனால்தான் "சத்தம் கேக்குது, பேச்சு புரியல" என்ற நிலை வருகிறது.

அந்தக் களைத்த காதோடு வீட்டுக்கு வந்து டி.வி. போடுகிறோம். ஷோகேஸுக்குள் மாட்டிக்கொண்ட ஸ்பீக்கரிலிருந்து வசனம் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல வருகிறது. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுகிறோம். சத்தம் கூடுகிறது, தெளிவு கூடுவதில்லை. இன்னும் கூட்டுகிறோம். ஓய்வு தேடி வந்த காதுக்கு வீட்டிலும் ஒரு ஷிஃப்ட் ஆரம்பமாகிறது. இதைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கடைக்காரர்கள் இந்த இடத்தில்தான் வாட்ஸ் கணக்கோடு வருகிறார்கள். அட்டைப்பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்று போட்டு 5000, 10000 என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். அந்த எண்ணுக்கு எந்த ஒழுங்கான அளவுமுறையும் கிடையாது. ஒரு நொடியில் சிறு துளி நேரம் எகிறுவதாகச் சொல்லப்படும் அளவை எல்லா ஸ்பீக்கருக்கும் கூட்டிப் போட்ட கணக்கு. தொடர்ந்து தரக்கூடிய சக்தி ஆர்.எம்.எஸ். என்ற பெயரில் எங்கோ மூலையில் பொடி எழுத்தில் இருக்கும், பல பெட்டிகளில் அதுவும் இருக்காது. அடாப்டரில் ஓடும் செட் என்றால் அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். 24 வாட்டுக்கு மேல் அந்தக் கம்பியில் சக்தி வரவே வழியில்லை. உள்ளே போகாத சக்தி வெளியே எப்படி வரும்?

உண்மையான வாட்டே இரண்டு மடங்கானாலும் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. சக்தியை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் ஏறும். நம் காது "ரெண்டு மடங்கு சத்தம்" என்று உணர ஏறக்குறைய 10 டெசிபல் ஏற வேண்டும், அதற்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும். 20 வாட் செட்டை விற்றுவிட்டு 40 வாட் செட் வாங்குகிறவர் வாங்குவது 3 டெசிபல். தூரத்துக்குக் கணக்கு வேறு. ஸ்பீக்கருக்கும் நமக்கும் இடையே எட்டடி இருப்பதை நாலடியாக்கினால், பெட்டியிலிருந்து நேராக நம் காதுக்கு வரும் ஒலி 6 டெசிபல் ஏறும். நாலு மடங்கு வாட் போட்டால் கிடைப்பது நாற்காலியை முன்னால் இழுத்ததில் கிடைத்துவிடுகிறது. சுவரில் பட்டுத் திரும்பி வரும் ஒலி அப்படியே இருக்க, நேர் ஒலி மட்டும் ஏறுவதால் பேச்சு உடனே தெளிவாகும். காது மந்தமானவர்களுக்கு இதைவிட நல்ல வைத்தியம் இவ்வளவு மலிவாக எனக்குத் தெரியவில்லை. என் அம்மாவுக்கு நான் செய்தது இதுதான். டி.வி. இருக்கும் இடத்திலேயே இருக்க, இரண்டு சின்ன ஸ்பீக்கரை மட்டும் நீள ஒயர் போட்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில், தலை உயரத்தில் வைத்தேன். டி.வி.யின் சத்தம் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது, வசனம் ஒன்றுவிடாமல் சொல்கிறார்.

எங்கள் ஹாலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் பாதி வீடுகளின் ஹால் இதே மாதிரிதான். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, கூரை உயரமும் 10 அடி. நாலு பக்கமும் பூசிய சுவர், கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட், ஒரு இரும்பு பீரோ. ஒலியைக் குடிக்கிற பொருள் ஒன்றுகூட இல்லை. கைதட்டினால் மேல் மூலையில் 'டிங்' என்று ஒரு உலோகச் சத்தம் எழும். இப்படிப்பட்ட அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில சுரங்கள் மாட்டிக்கொண்டு நின்று ஆடும். பிளஸ் ஒன் இயற்பியலில் நிலை அலை என்று படிக்கிறார்களே, அதுதான். ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். 12 அடிக்கு அந்தச் சுரம் 47 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும், 10 அடிக்கு 56. அகலமும் உயரமும் ஒரே 10 அடி என்பதால் 56 இரண்டு பக்கமும் சேர்ந்து வீங்கும். பேஸ் கிட்டாரின் இரண்டாவது தடித்த தந்தி 55 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் நடக்கும்போது அந்த ஒரு சுரம் மட்டும் 'ஊம்' என்று பக்கத்தில் இருப்பதையெல்லாம் மூடுவதற்குக் காரணம் இதுதான். பாட்டிலும் குறையில்லை, பெட்டியிலும் குறையில்லை.

என் பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். போனில் ஒரே சுரத்தை விடாமல் ஊதும் ஆப் ஒன்று இருக்கிறது. அதில் 56 வைத்து சப்வூஃபரில் கொடுத்துவிட்டு அவனை ஹாலில் நடக்கச் சொன்னேன். சுவரோரம் போனதும், "இங்க வயித்துல அடிக்குதும்மா" என்றான். நடு ஹாலுக்கு வந்தவன் நின்றுவிட்டான். "யம்மா, நிறுத்திட்டியா? இங்க ஒண்ணுமே இல்ல." நிறுத்தவில்லை. சுவரில் அதிகமாகவும் நடுவில் ஏறக்குறைய இல்லாமலும் இருப்பதுதான் அந்த அலையின் குணம். புத்தகத்தில் வளைகோடாகப் படித்ததை அவன் வயிற்றால் அறிந்த நாள் அது. நம் அரசுப் பள்ளிகளில் ஒத்ததிர்வுத் தம்பத்தில் தண்ணீரை ஏற்றி இறக்கிச் செய்முறை செய்கிறார்கள். நல்லதுதான். அதோடு ஒரு பழைய ஸ்பீக்கரையும் ஒரு போனையும் வைத்து வகுப்பறைக்குள்ளேயே பிள்ளைகளை நடக்கவிட்டால் 'அலைகள்' பாடம் ஒரே பீரியடில் உடம்பில் ஏறும். இயற்பியல் ஆசிரியர்களிடம் இதை விண்ணப்பமாகவே வைக்கிறேன்.

சப்வூஃபருக்கு இடம் தேட ஒரு பழைய வழி இருக்கிறது. நாம் உட்காரும் இடத்தில் அதை வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போக வேண்டும். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே அதை வைத்துவிட்டு நாம் பழைய இடத்துக்குத் திரும்பலாம். ஒலி போகும் வழி இரு திசையிலும் ஒன்றுதான் என்பதால் இது பலிக்கிறது. எங்கள் ஹாலில் மூலையிலிருந்து மூன்றடி தள்ளி, கதவுக்குப் பின்னால் அந்த இடம் வந்தது. மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடி ஒலியைத் தூக்கிவிடும். டீக்கடைகளில் ஸ்பீக்கரைக் கூரையோரம் மூலையில் ஏற்றுவது அதற்காகத்தான். ரோட்டுச் சத்தத்தோடு போட்டியிட வேண்டிய கடைக்கு அது சரி. பத்தடி ஹாலுக்கு அது கொடுமை.

சின்ன ஸ்பீக்கர்களுக்கு வருவோம். ஷோகேஸிலிருந்து இறக்கி, இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வைத்தேன். கீச்சு ஒலி தரும் சின்னக் குமிழ், டுவீட்டர், உட்கார்ந்திருப்பவர் காது உயரத்துக்கு வர வேண்டும், ஏனென்றால் அந்த ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகவே போகும். பின்னால் துவாரம் உள்ள பெட்டியென்றால் சுவருக்கும் அதற்கும் ஒரு முழமாவது இடைவெளி விட வேண்டும். இடமில்லாத வீட்டில் அந்தத் துவாரத்துக்குள் ஒரு பழைய சாக்ஸைச் சுருட்டிச் செருகினாலே வீக்கம் அடங்கும். இரண்டு பெட்டிக்கும் நடுவே இருக்கும் தூரமும், ஒவ்வொன்றுக்கும் நமக்கும் இருக்கும் தூரமும் ஏறக்குறைய ஒன்றாக, முக்கோணமாக அமைந்துவிட்டால், இரண்டுக்கும் நடுவே வெறும் காற்றில் பாடகர் வந்து நிற்பார்.

அதைக் கேட்காதவர்களுக்கு எழுத்தில் விளக்குவது கஷ்டம். லண்டனில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆலன் பிளம்லைன் 1931-ல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டார். சினிமாத் திரையில் நடிகர் ஒரு பக்கம் நிற்க, குரல் இன்னொரு பக்கத்திலிருந்து வருவது அவருக்கு உறுத்தியதாம். குரல் ஆளோடு நகர வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. தமிழில் ஸ்டீரியோ பதிவுக்கு முன்னோடி என்று 1978-ல் வந்த 'பிரியா' படப் பாடல்களைச் சொல்வார்கள். அந்தப் பாடல்களை அந்தக் காலத்தில் மோனோ ரேடியோவில் கேட்டேன், பிறகு ஷோகேஸ் ஸ்பீக்கரில் கேட்டேன். இரண்டு ஸ்டூல் மேல் வைத்துக் கேட்டபோதுதான் எந்த வாத்தியம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆபாவுக்கு நாகூர் ஹனிபா பாட்டு போட்டுக் காட்டினேன். மைக் இல்லாமலே கூட்டத்தின் கடைசி வரை கேட்கும் என்று பேர் வாங்கிய குரல். ஆபா ஸ்டூலைப் பார்க்கவில்லை, இரண்டுக்கும் நடுவே இருந்த சுவரைப் பார்த்தார். "அங்க ஸ்பீக்கர் இல்லியே" என்றார். அன்று சாயங்காலமே அவர் வீட்டு ஷோகேஸும் காலியானது.

ஆம்பூரிலிருந்து சென்னை ரிச்சி தெருவுக்கும் பெங்களூரு எஸ்.பி. ரோடுக்கும் ரயிலில் போய் அன்றைக்கே திரும்பிவிடலாம். விரலளவு சில்லு வைத்த ஆம்ப்ளிஃபயர் போர்டுகள் அங்கே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பழைய மியூசிக் சிஸ்டத்தோடு வந்த மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் காயலான் கடையில் எடைக்குக் கிடக்கும். இரண்டையும் சேர்த்தால் புதுப் பளபளப்புச் செட்டுகளை மிஞ்சும். ஆனால் அந்தப் பழைய ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் ஒரே ஒரு வியாதி இருக்கும். கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் ஓரத்து ஃபோம் வளையம் நம் ஊர்ச் சூட்டில் சில வருஷத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். காந்தம் நன்றாக இருக்கும், சுருள் நன்றாக இருக்கும், கூம்பு நன்றாக இருக்கும். ஓரம் மட்டும் போயிருக்கும். கடையில் கேட்டால் "தூக்கிப் போடுங்க" என்பார்கள்.

இதில்தான் நம் ஊர்க் கைக்கு வேலை இருக்கிறது. இன்று நாம் கேட்கும் ஸ்பீக்கர்களுக்கெல்லாம் மூதாதை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் செய்து 1925-ல் வெளியிட்ட கூம்பு ஸ்பீக்கர். அந்தக் காலத்து ஸ்பீக்கர்கள் பலவற்றில் கூம்பின் ஓரத்தைப் பிடித்திருந்தது மெல்லிய தோல். ஃபோமும் ரப்பர் வளையமும் பிறகு வந்தவை. இதைப் படித்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. ஷூவுக்கு உள்ளே லைனிங் போடுகிற ஆட்டுத்தோல் கட்டிங் வேஸ்ட், கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். அதில் வயிற்றுப் பக்கத்துத் துண்டு இளகி ஒரு பக்கமாக இழுபடும், அது ஆகாது. முதுகுப் பக்கத்தில் நாலு திசையிலும் ஒரே மாதிரி இழுபடும் துண்டாகத் தேட வேண்டும். வட்டமாக வெட்டி, கூம்பில் ஒட்டும் உள்ளோரத்தையும் சட்டத்தில் ஒட்டும் வெளியோரத்தையும் ஸ்கைவிங் செய்து தாள் மாதிரி சீவ வேண்டும். தடிமன் அப்படியே இருந்தால் கூம்பு கனத்துவிடும். ஓரத்தைச் சீவித் தர என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா வந்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எங்கே தடிப்பு இருக்கிறது என்று சொல்பவர்.

ஒட்டும்போதுதான் கவனம் வேண்டும். கூம்பின் பின்னால் இருக்கும் கம்பிச்சுருள் காந்தத்தின் குறுகலான இடுக்கில் எதையும் உரசாமல் ஏறி இறங்க வேண்டும். மயிரிழை சாய்ந்து ஒட்டினாலும் 'சர்ர்' என்று உரசும். அதற்கு ஒரு தந்திரம்: முதலில் உள்ளோரத்தைக் கூம்பில் சொல்யூஷன் தடவி ஒட்டி உலரவிட்டு, வெளியோரத்தை ஒட்டும்போது போனிலிருந்து 30 ஹெர்ட்ஸ் சுரத்தைச் சன்னமாக ஊதவிட வேண்டும். கூம்பு மூச்சு விடுவது போல மெல்ல ஏறி இறங்கும். உரசும் சத்தம் கேட்டால் தோலை அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி, சத்தம் நிற்கும் இடத்தில் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சொல்யூஷன் பிடிக்கும்வரை அந்த அக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்திருந்தோம். பிறகு இரண்டு கட்டைவிரலால் கூம்பை மெல்ல அமுக்கிவிட்டேன். எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய், தானே மேலே வந்தது.

அந்த ஸ்பீக்கர்தான் இன்றும் எங்கள் ஹாலில் பாடுகிறது. இளையராஜாவின் 1986-ம் வருஷத்து 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பை அதில் கேட்கும்போது வயலின் வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக நிற்கின்றன. தோலின் குணத்தை விரலால் அறிந்த பெண்கள் இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் கை தொட்ட ஷூ வெளிநாட்டுக் கடைகளில் இருக்கிறது. அதே கை சொந்த வீட்டுக்கு ஒரு நல்ல ஸ்பீக்கரை எழுப்பித் தரும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு அந்த ஆதங்கம் பெரிது.

ரேடியோ ரிப்பேர் கடை பாய் கற்றுக்கொடுத்த ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு ஒயரைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டால், ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும், அடி ஒலி காணாமல் போகும், பாடகர் நடுவில் நிற்க மாட்டார். ஒயரில் நிறம் அழிந்திருந்தால் ஒன்றரை வோல்ட் பென்சில் செல்லை ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். "நூத்துல பாதி செட்டு இதனாலதாம்மா சரியில்லாம என்கிட்ட வருது" என்பார் பாய்.

இனி அறை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபின் என்ற இளம் பேராசிரியரிடம் 1895-ல் ஒரு சொற்பொழிவுக் கூடத்தைக் கொடுத்துச் சரிசெய்யச் சொன்னார்கள். அங்கே பேசிய சொல் ஐந்து வினாடிக்கு மேல் அடங்காமல் சுற்றியது. அவர் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகச் சுமந்துகொண்டு வந்து, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்தார். விடிவதற்குள் திருப்பி வைத்துவிடுவாராம். அறையின் எதிரொலிக்கு உலகம் இன்றும் போடும் கணக்கு அந்த மெத்தைகளிலிருந்து வந்தது. மெத்தை நம்மிடமும் இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தையைப் பகலில் சுருட்டி எங்கோ போடுகிறோம். அதை ஹால் மூலையில் நிறுத்தி வைத்தாலே 'டிங்' பாதி அடங்கும். பவானி ஜமக்காளத்தைச் சுவரில் ஒட்டித் தொங்கவிட்டால் கீச்சு மட்டும் குறையும், நாலு விரல் தள்ளித் தொங்கவிட்டால் இன்னும் கொஞ்சம் கீழ் சுரங்களையும் வாங்கும். எந்தச் சுவரில் தொங்கவிடுவது என்று கண்டுபிடிக்க, நாம் உட்கார்ந்திருக்க இன்னொருவரை முகம் பார்க்கும் கண்ணாடியோடு சுவரோரம் நடக்கச் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அந்த இடம்தான். கூரைக்கு முட்டை அட்டை ஒட்டும் வழக்கம் மட்டும் வேண்டாம். கனமில்லாத அட்டை, ஒலியை ஒன்றும் செய்யாது, தீப்பிடித்தால் ஆபத்து. ஸ்பீக்கருக்கு அடியில் ஷூ சோலுக்கான ஈ.வி.ஏ. ஷீட் வெட்டுத்துண்டு நாலை வையுங்கள். ஸ்டூலோ மேஜையோ கூடவே அதிர்ந்து பாடுவது அதில் குறையும்.

சுவருக்குச் சுவர் ஒட்டிய தெருக்கள் எங்களுடையவை. அடி ஒலி சுவரைத் தாண்டிப் போகும், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கும், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவர் இருப்பார். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வைத்திருக்கின்றன. திருவிழா மைக் செட்டைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். வீட்டுக்குள் நடப்பதை விதியால் சரிசெய்ய முடியாது. பெட்டி பக்கத்தில் வந்து, பேச்சு புரிந்துவிட்டால், சத்தத்தைக் கூட்ட யாருக்கும் தோன்றாது. எங்கள் வரிசை வீடுகளில் நான் கண்ணால் பார்த்தது இது.

கடைக்காரர்களிடம் சில விஷயங்கள் கேட்கிறேன். வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஸ்பீக்கர் விற்கும் ஒவ்வொரு கடையிலும் ஒரு நாற்காலியும் காது உயரத்தில் இரண்டு ஸ்டாண்டும் போட்டு வையுங்கள். வாங்க வருகிறவர் தன் போனில் இருக்கும் பாட்டை உட்கார்ந்து கேட்கட்டும். பி.எம்.பி.ஓ. எண்ணை மறைத்து, அசல் வாட்டை நீங்களே பேனாவால் எழுதி ஒட்டுங்கள். கூடவே, செட்டு செய்யும் கம்பெனிகளுக்கு ஒரு கடிதமும் எழுதிப் போடுங்கள். ஐந்து ஸ்பீக்கரும் ஒரே தட்டில் உட்காருவதற்கு முக்கியமான காரணம் எங்கள் மக்களின் அறியாமை என்று நான் நினைக்கவில்லை. பெட்டியோடு வரும் ஒயர் பல செட்டுகளில் டி.வி.யின் அகலத்தைத் தாண்டுவதே இல்லை. மீட்டருக்குச் சில பத்து ரூபாய் ஆகும் ஒயரில் மிச்சம் பிடித்து அவர்கள் என்ன சம்பாதித்துவிடப் போகிறார்கள்? பின்னால் வைக்க வேண்டிய ஸ்பீக்கருக்குப் பன்னிரண்டடி ஹாலைச் சுற்றிவரும் நீளத்துக்கு ஒயர் கொடுக்கச் சொல்லுங்கள்.